காயில்காரரின் மிச்சக் குடல்

காயில்காரர் தன் சம்பந்திக்கு எண்பதாயிரம் கடன்பட்டிருந்தார். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் கடன். அதன் கனம் பெண்ணைப் பெற்றவர்களுக்குத்தான் தெரியும். அதுவும் அவர் வாயைத் திறந்து கேட்டு வாங்கியது இல்லை. நினைவில்லாமல் கிடந்த நேரத்தில் அவர் பேரில் ஏறிக்கொண்டது.

அதுவரைக்கும் அவர் யாருக்கும் பாக்கி வைத்ததில்லை. பதினோரு வயதில் ஒரு பட்டறைக்குத் தரை கூட்ட வந்தவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். கையெழுத்துப் போடச் சொன்னால் பேனாவைத் திருப்புளி மாதிரி பிடிப்பார். ஆனால் எரிந்துபோன மோட்டாரை அவர் முன்னால் வைத்துவிட்டால் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மோட்டாருக்குள்ளே தாமிரக் கம்பியை நூற்றுக்கணக்கான சுற்றாகச் சுற்றி வைத்திருப்பார்கள். அதுதான் காயில். கரிந்துபோனதை வெட்டி எடுத்துவிட்டு, புதுக் கம்பியை எண்ணிச் சுற்றி, மோட்டாருக்குள் இருக்கும் பள்ளங்களில் இறக்கி, கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைக்க வேண்டும். ஒரு சுற்றுக் கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் காட்டிக்கொடுத்துவிடும். ஊரில் இந்த வேலைக்கு நாலு பேர் இருந்தார்கள். “மூணு பேரு கம்பி சுத்துறாங்க. நான் ஒருத்தன்தான் காயில் கட்டுறேன்” என்பார். திமிர் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். மற்ற மூன்று பேரும் சுற்றைக் கணக்குப் பார்க்க மீட்டர் வைத்திருந்தார்கள். இவருக்கு மனசுதான் மீட்டர்.

அந்தக் கையை வைத்துத்தான் சொந்தமாகப் பட்டறை போட்டு, அதற்கு மேலே இரண்டு அறை எழுப்பினார், மகளுக்குக் கல்யாணம் பண்ணினார், ஒரு பைக் வாங்கினார். மிச்சம் பிடித்ததை எல்லாம் தாமிரக் கம்பி உருளையாக வாங்கி அலமாரியில் அடுக்கினார். வங்கியில் போடலாமே என்று கேட்டவர்களிடம், “அவன் குடுக்கிறது காகிதம். இது இருட்டுல தடவிப் பார்த்தாலும் தாமிரம்” என்றார்.

சம்பந்திக்கு மெத்தைக் கடை. பருத்த உடம்பு, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. தலையில் எப்போதும் ரெண்டு இழை பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். காயில்காரருக்கு அவர் தொழில்மேல் பெரிய மரியாதை கிடையாது. பஞ்சைத் துணிக்குள் திணிப்பது ஒரு வேலையா என்று மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார். அது சம்பந்திக்கும் தெரியும்.

அந்தச் சம்பந்திதான் ஒரு பகல் வேளையில் பஞ்சடிக்கும் மெஷின் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தார். காயில்காரர் மேஜைமேல் கவிழ்ந்து, ரெண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“என்ன சம்பந்தி, மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கு?”

“ஒண்ணுமில்ல. வாயு.”

“வாயுவுக்கு இப்படி வேர்க்குமா? எழுந்திருங்க.”

“இந்த ஒரு காயிலை முடிச்சிட்டு…”

“காயில் இருக்கும். நீங்க இருக்கணுமே. ஏறுங்க வண்டியில.”

சம்பந்தியின் வேனில் டெலிவரிக்குப் போகிற புது மெத்தை ஒன்று கிடந்தது. அதில்தான் படுக்க வைத்தார்கள். போகிற வழியில் காயில்காரர் கண்ணைத் திறக்காமலே, “இது என்ன விலை?” என்று கேட்டாராம். “மெத்தை விலை கேக்கிற ஆளு சாக மாட்டாரு” என்று சம்பந்தி, கூடவே ஏறி அழுதுகொண்டிருந்த காயில்காரர் மனைவிக்குத் தைரியம் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். குடல் முறுக்கிக்கொண்டு, ரத்தம் போகிற வழி அடைபட்டு, சிறுகுடலில் பெரும்பகுதி கறுத்துப்போயிருந்தது. கறுத்ததை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, நல்ல முனை இரண்டையும் சேர்த்துத் தைத்தார்கள். அதற்கு முன்பே, முன்பணம் எண்பதாயிரம் கட்டினால்தான் உள்ளே எடுப்போம் என்று கவுன்ட்டரில் சொல்லியிருந்தார்கள். காயில்காரரின் சொத்து அலமாரியில் உருளை உருளையாக இருந்தது. அதை ஒரு மணி நேரத்தில் யார் பணமாக்குவது? சம்பந்தி கடைக்குப் போனார், வந்தார், கட்டினார்.

கண் விழித்த காயில்காரரிடம் டாக்டரம்மா விஷயத்தை மறைக்காமல் சொன்னார். சின்ன வயசு, நிதானமான குரல்.

“கறுத்துப்போனதை எடுத்துட்டோம் ஐயா. வேற வழி இல்ல.”

“கரிஞ்சு போச்சா?”

“அப்படித்தான் வெச்சுக்குங்களேன்.”

“மொத்தம் எவ்வளவு இருந்துச்சு? இப்ப எவ்வளவு இருக்கு?”

“சிறுகுடல் ஒரு ஆறு மீட்டர் இருக்கும். இப்ப ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி.”

காயில்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஆறு பாகத்தில் ஐந்து பாகம் சுற்றுப் போன காயில். அப்படி ஒரு மோட்டார் அவரிடம் வந்தால் என்ன சொல்வார் என்று அவருக்கே தெரியும். எடைக்குப் போடச் சொல்வார்.

ஆனால் மனிதர் எடைக்குப் போகவில்லை. வீட்டுக்குத்தான் வந்தார். மார்பில் ஒரு மெல்லிய குழாய் பதித்திருந்தது. சத்து நீர் நிரப்பிய பை ஒன்றை அதில் மாட்டிவிட்டால், விடியும்வரை சொட்டுச் சொட்டாக நேரே ரத்தத்தில் இறங்கும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டும்வரை இதுதான் சாப்பாடு என்றார்கள். பையின் விலையைக் கேட்டபோது காயில்காரருக்கு வெட்டுப்பட்ட இடத்தைவிட அது அதிகமாக வலித்தது. ஆஸ்பத்திரி மிச்சக் கணக்குக்கும் பைகளுக்குமாக அலமாரி காலியானது. மோட்டார் பைக்கையும் விற்றாயிற்று. சம்பந்தியின் எண்பதாயிரம் மட்டும் அப்படியே நின்றது.

சம்பந்தி அதைக் கேட்கவே இல்லை. வாரம் ஒரு தடவை வருவார், உட்காருவார், பஞ்சு விலை ஏறியதைச் சொல்லுவார், பேரப்பிள்ளை பல் முளைத்துக் கடிப்பதைச் சொல்லுவார், போய்விடுவார். கேட்டிருந்தால்கூடத் தேவலை. கேட்காமல் போகிறவரின் முதுகைப் பார்க்கும்போதெல்லாம், ‘இந்த ஆள்கிட்ட எங்கே வசூலாகப் போகுது’ என்று அதில் எழுதியிருப்பதுபோல் காயில்காரருக்குப் படும். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கு அது மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

வேலை செய்துதான் தீர்க்க வேண்டும். வேலை செய்யத்தான் உடம்பு விடவில்லை. எதைச் சாப்பிட்டாலும் நிற்காமல் ஓடியது. பகலில் பத்துத் தடவை, பதினைந்து தடவை. அதுகூடப் பரவாயில்லை. வருகிறது என்ற சேதியும் வருவதும் ஒன்றாகவே வந்தன. பாதிக் காயிலில் கம்பியைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். திரும்பி வந்தால் எத்தனையாவது சுற்று என்பது மறந்திருக்கும். மறுபடி அவிழ்த்து, மறுபடி முதலிலிருந்து.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். எழுந்து ஓடும்போதே, “பிடி! நூத்திப் பதினேழு!” என்று மனைவியைப் பார்த்துக் கத்துவார். அவர் திரும்பி வரும்வரை அந்த அம்மாள் அந்த எண்ணை வாயில் வைத்திருக்க வேண்டும். அடுப்படியிலிருந்து நூத்திப் பதினேழு, நூத்திப் பதினேழு என்று சத்தம் வந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் அந்த நேரம் பார்த்து ஒருவன் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

“அக்கா, இதைச் சரி பண்ண எவ்வளவு ஆகும்?”

“நூத்திப் பதினேழு.”

“பிரிச்சே பார்க்கல, அதுக்குள்ள எப்படிக்கா?”

“நூத்திப் பதினேழு.”

“நூறு வெச்சுக்குங்களேன்.”

“நூத்திப் பதினேழுடா!” என்று அந்த அம்மாள் கண்ணை உருட்டியதில் அவன் மறுபேச்சில்லாமல் ஃபேனை வைத்துவிட்டுப் போனான். மறுநாள் சரியாக அந்தத் தொகையை எடுத்துவந்து கொடுத்தான். காயில்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் சிரித்தது அன்றைக்குத்தான்.

இத்தனைக்கும் நடுவே அவர் மனதுக்குள் ஒரு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சுற்றுக் குறைந்த காயிலில் லோடு ஏற்றினால் சூடாகிக் கரிந்துவிடும். இது அவர் ஐம்பது வருஷமாகக் கண்ணால் கண்டது. புதிதாகக் கட்டிய மோட்டாரை முதலில் எந்த லோடும் இல்லாமல் வெறுமனே ஓடவிட வேண்டும். வார்னிஷ் காய்வதற்குள் வேலை வாங்கினால் கட்டியது வீண். மோட்டாருக்கு நியாயம் என்றால் குடலுக்கும் அதுதானே நியாயம்? தைத்த குடலுக்கு ஓய்வு கொடுத்தால் அது இறுகும். இறுகினபின் சாப்பிட்டுக்கொள்ளலாம். அதுவரை தாகத்துக்குப் பச்சைத் தண்ணீர் போதும், அதற்கு லோடு கிடையாது.

இப்படி முடிவு கட்டிக்கொண்டு, மனைவி தட்டில் வைத்ததில் ரெண்டு வாய் தின்றுவிட்டு, மிச்சத்தைப் பட்டறையின் பின் ஜன்னல் வழியாகத் தெருநாய்க்குத் தள்ளினார். சொம்பு சொம்பாகத் தண்ணீரைக் குடித்தார். குடிக்கக் குடிக்க இன்னும் ஓடியது. கன்னம் ஒட்டியது. எடை பார்க்கும் மெஷினில் முள் இறங்கிக்கொண்டே போனது. வாரம் ஐந்து பை போதும் என்று ஆகவேண்டிய நேரத்தில், ஏழு நாளும் பை ஓடிற்று. நாய் மட்டும் நன்றாகக் கொழுத்தது.

நாய்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. மனைவி தட்டோடு படி இறங்கும் சத்தம் கேட்டதும் அது ஜன்னலுக்கு வெளியே வந்து வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்வதை அந்த அம்மாள் கவனித்துவிட்டார்.

“ஏங்க, இந்த நாய் எதுக்குங்க என் தட்டைப் பார்க்குது?”

“நாய்னா பார்க்கத்தான் செய்யும்.”

“மத்த வீட்டுத் தட்டை எல்லாம் விட்டுட்டு இங்க வந்து முகூர்த்தம் பார்த்து உக்காருதே. உடம்பைப் பாருங்க அதுக்கு, மினுமினுன்னு. நீங்க துணி காயப்போடுற கம்பி மாதிரி ஆயிட்டீங்க. நான் உங்களுக்கு ஆக்குறேனா, நாய்க்கு ஆக்குறேனா?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு.”

“எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவுக்குத் தெரியும்ல? அங்க வந்து சொல்லுங்க.”

டாக்டரம்மாவின் அறையில் காயில்காரர் பின்வாங்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முழுசையும் சொன்னார். சுற்றுக் குறைந்தால் என்ன ஆகும், லோடு என்றால் என்ன, வார்னிஷ் ஏன் காய வேண்டும் எல்லாம். “நான் படிக்கலம்மா. ஆனா கம்பி என்ன பேசும்னு எனக்குத் தெரியும்” என்று முடித்தார்.

டாக்டரம்மா பாதியில் மறிக்காமல் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“உங்க கம்பி வளருமா ஐயா?”

“கம்பி எப்படிம்மா வளரும்?”

“குடல் வளரும். அதான் வித்தியாசம். வேலை குடுத்தா உள்பக்கம் தடிக்கும், அகலமாகும், உறிஞ்சுற பரப்பு கூடும். வேலை குடுக்கலேன்னா சுருங்கிடும். நீங்க ஓய்வு குடுக்கிறேன்னு அதைச் சுருங்க வெச்சிருக்கீங்க.”

“அப்ப ஏன் இந்த ஓட்டம் ஓடுது?”

டாக்டரம்மா ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் குழாய் மாதிரி ரெண்டு கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குள் வலை மாதிரி குறுக்கும் நெடுக்கும் இழுத்தார்.

“குடல் சுவத்துக்குள்ளேயே நரம்பு இப்படி வலையா ஓடுது. எப்ப தள்ளணும், எப்ப நிறுத்திப் பிசையணும்னு பெரும்பாலும் மூளையைக் கேக்காம அதுவே முடிவு பண்ணிக்கும். ‘மெதுவாப் போ, மெதுவாப் போ’ன்னு மேல சேதி அனுப்புறது சிறுகுடலோட கடைசிப் பகுதி. உங்களுக்கு அதுதான் அதிகமாப் போயிடுச்சு. நிறுத்தச் சொல்ல ஆள் இல்ல. அதான் எல்லாம் ஓடுது.”

“நிறுத்தச் சொல்றவனை வெட்டியாச்சு. இனிமே யாரு சொல்லுவா?”

“மிச்சம் இருக்கிற நரம்பு. அது சும்மா இருக்காது ஐயா. விலங்குங்களை வெச்சுப் பார்த்திருக்காங்க. குடலை வெட்டினப்புறம் மிச்சத்துல இருக்கிற நரம்பு செல்லுங்க பெருசாகுது. ஒண்ணுக்கொண்ணு அனுப்புற சேதியும் மாறுது. மனுஷங்க உடம்புல இது எவ்வளவு தூரம் நடக்குதுன்னு எங்களுக்கும் முழுசாத் தெரியாது. ஆனா மாசக்கணக்குல இந்த ஓட்டம் நிதானமாகிறதை நானே பார்த்திருக்கேன். ஒரு வருஷம், ரெண்டு வருஷம்கூட ஆகும். சோறு உள்ள போனாத்தான் அது நடக்கும். கொஞ்சம் கொஞ்சமா, ஒரு நாளைக்கு ஆறு வேளை. வெறும் தண்ணியைக் குறைங்க, அது உப்பை இழுத்துட்டுப் போயிடும். நாங்க சொன்ன உப்பு சர்க்கரைத் தண்ணியைச் சப்பிச் சப்பிக் குடிங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி மாத்திரை.”

காயில்காரர் தலையை ஆட்டிவிட்டு வந்தார். ஆனால் நம்பி ஆட்டவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார். “வளருமாம்ல! வெட்டின கம்பி தானா நீளமாச்சுன்னு எவன்கிட்டயாச்சும் சொன்னா சிரிப்பான். அந்தப் பொண்ணு ஒரு மோட்டாரைக் கையால தொட்டிருக்குமா?” மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று தட்டு காலியாகத்தான் திரும்பி வந்தது. நாய் வாசலில் உருண்டு படுத்திருந்தது.

அதற்கு அடுத்த நாள் சம்பந்தி வந்தார். வாரத்தில் அவர் வருகிற நாள் இல்லை. யார் சொல்லி அனுப்பியது என்பதைக் காயில்காரர் கேட்கவில்லை, மனைவியும் சொல்லவில்லை. சம்பந்தி வழக்கமான ஸ்டூலில் உட்கார்ந்தார். பஞ்சு விலை பேசவில்லை. பேரப்பிள்ளை பேச்சும் இல்லை.

“என் எண்பதாயிரம் எப்ப வரும்?”

அடுப்படியில் ஒரு கரண்டி கீழே விழுந்தது. காயில்காரருக்குக் காது சூடானது.

“என்ன கேட்டீங்க?”

“எண்பதாயிரம். ஆஸ்பத்திரியில கட்டினது. செத்த வீட்டுல போய்ப் பாக்கி கேட்டா ஊரு காறித் துப்பும். அதான் ஆளு இருக்கும்போதே கேக்கிறேன்.”

“நான் சாகப் போறேன்னு யாரு சொன்னா?”

“கண்ணாடியில பாருங்க. எங்க கடையில பழைய மெத்தையைப் பிரிச்சா உள்ள பஞ்சு போய் வெறும் உறை தொங்கும், அப்படி இருக்கீங்க. இதுல எங்கேர்ந்து வசூலாகும்? பை விக்கிறவனுக்கு மட்டும் மாசாமாசம் தவறாம குடுக்கிறீங்க. சொந்தக்காரன்னா இளிச்சவாயன்.”

“யோவ் சம்பந்தி! நான் யாருக்காச்சும் பாக்கி வெச்சிருக்கேனா? இந்தத் தெருவுல கேட்டுப் பாருங்க!”

“எனக்கு வெச்சிருக்கீங்களே.”

இத்தனை வருஷமாகப் பஞ்சு என்று நினைத்திருந்த ஆளுக்குள்ளே இப்படி ஒரு கம்பி ஓடுவதைக் காயில்காரர் பார்த்ததே இல்லை.

“தர்றேன். வட்டியோட தர்றேன். வட்டி எவ்வளவுன்னு சொல்லுங்க.”

“வட்டி பணமா வேணாம். தினம் ஆறு வேளை சாப்பாடு. சம்பந்தியம்மா பக்கத்துல நின்னு பார்க்கட்டும். ஒரு வேளை தவறினா வட்டி குட்டி போட்டுரும்.” அப்படிச் சொல்லிவிட்டு எழுந்து, வாசலில் கிடந்த நாயைப் பார்த்து, “உன் பிழைப்புல மண்ணு விழுந்துச்சுடா” என்று சொல்லிக்கொண்டே போனார்.

அந்தக் கோபத்தில் காயில்காரர் ரெண்டு முட்டை தின்றார். கொஞ்ச நேரத்தில் ஓடினார், வந்தார், அரை ரொட்டி தின்றார். ஆனால் படுக்கும்போது, பல மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது ஒன்று இறங்கிப்போனதை உணர்ந்தார். கேட்டுவிட்டார்கள். கொடுக்கக்கூடியவன் என்று நினைத்தால்தானே கேட்பார்கள்?

அதற்குப் பிறகு அவர் சாப்பிட்டதைச் சாப்பாடு என்று சொல்ல முடியாது, அது வேலை. வார்னிஷை ஒரேயடியாக ஊற்றினால் மேலே காயும், உள்ளே பிசுபிசுக்கும். மெல்லிசாக ஒரு பூச்சு, அது காய்ந்தபின் இன்னொரு பூச்சு என்றுதான் போட வேண்டும். தின்பதற்கும் அந்த முறையைப் பிடித்துக்கொண்டார். சின்னக் கிண்ணத்தில் சோறு, ஒரு இடைவெளி, அரை வாழைப்பழம், ஒரு இடைவெளி, வேகவைத்த முட்டை. உப்பு சர்க்கரைத் தண்ணீர் மேஜைமேல் எப்போதும் இருந்தது. அதை எண்ணெய்க் குப்பி என்று நினைத்து ஒருவர் மோட்டாரில் ஊற்றப் போனது தனிக் கதை.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. ஒரு மாதம் முன்னைவிட மோசமாகத்தான் இருந்தது. வயிற்றுக்குள் கடமுடா என்று சத்தம், தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. “உள்ள சண்டை நடக்குது. எவன் மேனேஜர்னு இன்னும் முடிவாகல” என்பார் காயில்காரர். நடுவில் குழாய் வழியாகக் கிருமி ஏறிக் காய்ச்சல் வந்து, மார்பில் இருந்த குழாயை எடுத்து வேறு குழாய் போட்டு, ரெண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சம்பந்தி அங்கேயும் வந்து, “வேளை தவறலையே?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு ஒரு காலை. காயில்காரர் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். வயிற்றில் லேசாக ஒரு தட்டல். பழக்கத்தில் கால் எழுந்துவிட்டது, “பிடி!” என்று வாயும் திறந்துவிட்டது. ஆனால் தட்டிய கை கதவை உடைக்கவில்லை. தட்டிவிட்டு வெளியே காத்து நிற்பதுபோல் இருந்தது. அவர் மெல்ல மறுபடி உட்கார்ந்தார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. காயிலை முடித்தார், முனையை முறுக்கிக் கட்டினார், அதற்குப் பிறகுதான் எழுந்து போனார். நடந்துதான் போனார். நம்பரை வாங்கிக்கொள்ள வாசலில் வந்து நின்ற மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை.

“என்னங்க, நம்பர் சொல்லவே இல்ல?”

“இன்னைக்கு நம்பர் கிடையாது. போய் வேலையைப் பாரு” என்றார். திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் கிண்ணத்தில் இன்னும் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டார்.

டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “முன்கூட்டியே சேதி வருதா?” என்று ரெண்டு தடவை கேட்டார். எடை ஏறியிருந்தது. வாரம் ஏழு பை ஐந்தானது. ஐந்து மூன்றானது. அப்புறம் ஒரு நாள் குழாயையே எடுத்துவிட்டார்கள். ஓட்டம் நின்றுவிடவில்லை, பகலில் நாலைந்து தடவை போகத்தான் வேண்டியிருந்தது. மாத்திரை இருந்தது, சத்து ஊசி இருந்தது. பழைய உடம்பு திரும்பவில்லை. “பரவால்ல. சுற்று கம்மி, ஆனா ஓடுது” என்றார் காயில்காரர். கம்பி வளருமா என்ற பேச்சை அவர் அப்புறம் எடுக்கவில்லை. டாக்டரம்மாவும் எடுக்கவில்லை.

குளிர்கிடங்கின் பெரிய மோட்டார் கரிந்தது அந்தச் சமயத்தில்தான். உள்ளே மலை மலையாகக் காய்கறி. ரெண்டு நாளில் ஓடாவிட்டால் எல்லாம் அழுகும். ஊரில் கம்பி சுற்றுகிற மற்ற மூன்று பேரும் ஒரு வாரம் கேட்டார்கள். மேனேஜர் காயில்காரரைக் காரில் வைத்து அழைத்துப் போனார்.

காயில்காரர் மோட்டாரைப் பார்க்கவில்லை. முதலில், “கக்கூஸ் எங்க?” என்றார். கிடங்கின் மறுகோடியில், லாரிகள் நிற்கும் கொட்டகைக்குப் பின்னால் என்று காட்டினார்கள். அங்கேயிருந்து மோட்டார் வரை நிதானமாக ஒரு தடவை நடந்து பார்த்தார். பிறகு விலை சொன்னார்.

“பெரியவரே, இந்தத் தொகைக்குப் பழைய மோட்டாரே ஒண்ணு வாங்கிடலாம்” என்றார் மேனேஜர்.

“வாங்கிக்குங்க. கொண்டாந்து இறக்கி மாட்டுறதுக்குள்ள உள்ள இருக்கிற தக்காளி வெளிய நடந்து வரும்.”

மேனேஜர் ஒப்புக்கொண்டார். மனைவி ஆறு டப்பா சாப்பாட்டோடு கூடவே வந்து ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். ரெண்டு நாள் வேலை. காயிலுக்கும் காயிலுக்கும் நடுவே சாப்பிட்டார், நடுவே அந்தக் கொட்டகைக்கு நடந்துபோய் வந்தார். ஒரே ஒரு தடவை, கடைசிப் பள்ளத்தில் கம்பி பாதி இறங்கியிருக்கும்போது வயிறு அவசரம் காட்டியது. காயில்காரர் கையை எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கம்பியை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கி, ஆப்பு வைத்து அடித்துவிட்டுத்தான் எழுந்தார். கொட்டகைவரை போய்ச் சேர்ந்தார். அந்தத் தூரம் நடந்ததைப் பற்றிப் பிறகு அவர் சொல்லிக்கொண்ட அளவுக்கு, மோட்டார் ஓடியதைப் பற்றிக்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

மோட்டார் ஓடியது. மேனேஜர் கொடுத்ததும் வீட்டில் சேர்த்ததும் சேர்ந்து எண்பதாயிரம் ஆயிற்று. ஐந்நூறு நோட்டாக நூற்றறுபது.

சம்பந்தி கடையில் பஞ்சு மூட்டைக்கு நடுவே உட்கார்ந்து மெத்தை உறை தைத்துக்கொண்டிருந்தார். நோட்டுக்கட்டைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

“இப்ப என்ன சம்பந்தி அவசரம்? அன்னைக்குச் சும்மா ஒரு வீம்புக்குக் கேட்டேன்…”

“கேட்டீங்கல்ல? கையை நீட்டுங்க.”

“சரி, அந்தக் கல்லாப்பெட்டியில போடுங்க.”

“பெட்டிகிட்ட நான் கடன் வாங்கல. கையை நீட்டுங்க.”

சம்பந்தி ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டு கையை நீட்டினார். காயில்காரர் ரப்பர் வளையத்தைக் கழற்றிவிட்டு, வாய்விட்டு எண்ணியபடி ஒவ்வொரு நோட்டாக வைத்தார். தொண்ணூறைத் தாண்டியபோது வயிற்றில் தட்டல் வந்தது. முகம் லேசாக மாறியதைச் சம்பந்தி பார்த்துவிட்டார்.

“போயிட்டு வாங்க. நான் இப்படியே கையை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

“பேசாதீங்க, கணக்குத் தவறும். தொண்ணூத்தி நாலு.”

உள்ளே இருந்த ஒரு மீட்டர் குடல் இன்னொரு தடவை தட்டியது. எவ்வளவு நேரம் கொடுக்கும் என்று அவருக்கு இப்போது தெரியும். அவசரப்படாமல், குரல் மாறாமல் எண்ணிக்கொண்டே போனார். நூறு, நூற்றிருபது, நூற்றைம்பது. சம்பந்தியின் உள்ளங்கை கனத்துக் கொஞ்சம் இறங்கியது. அவர் இன்னொரு கையைக் கீழே முட்டுக் கொடுத்தார்.

“நூத்தி அம்பத்தெட்டு. நூத்தி அம்பத்தொம்பது.”

கடைசி நோட்டை அந்தக் கட்டின்மேல் வைத்து, கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்தினார். “நூத்தி அறுபது.”